சோழிங்கநல்லூர் பிளாட் 70 லட்சம், வாடகை 22,000: புரோக்கர் சொல்ற 4% எங்கிருந்து வருது?

#1 ஓஎம்ஆர்_நைட்ஷிப்ட்

வணக்கம். சிறுசேரி சிப்காட்ல வேலை, மேடவாக்கத்துல அப்பா அம்மாவோட சொந்த வீடு. முதலீட்டுக்குன்னு சோழிங்கநல்லூர்ல ஒரு பிளாட் பார்த்திருக்கேன். மறுவிற்பனை, எட்டு வருஷக் கட்டடம், ரெண்டு பெட்ரூம், 1,050 சதுர அடி, விலை 70 லட்சம். ஏற்கனவே ஒரு குடும்பம் 22,000 வாடகைக்கு இருக்காங்க, மெயின்டனன்ஸ் அதுலயே அடக்கம்.

புரோக்கர் சொல்றது: "சார், நாலு பர்சென்ட் ஈல்டு, பத்து வருஷத்துல டபுள், லோன் பாங்க் குடுக்கும், வாடகையே இஎம்ஐ கட்டிடும்." ஆபீஸ்ல ஒருத்தர் கேப் ரேட் பாரு, ஐஆர்ஆர் போடு, லெவரேஜ் நெகட்டிவ்னு என்னென்னமோ சொல்றார். எனக்குத் தலையும் புரியல வாலும் புரியல. இந்த பிளாட்டையே வெச்சு யாராவது விளக்குவீங்களா?

#2 மனை_மன்னன்

பிளாட்டே வேண்டாம் ப்ரோ. ஒரகடம் பக்கம் மனை வாங்கிப் போடுங்க. கட்டடம் தேயும், மண்ணு தேயாது.

#3 கூட்டிக்கழி

மன்னன் வந்துட்டார், இழை சூடு பிடிச்சிரும். மனைக்கு அப்புறம் வரலாம். கேட்டவருக்கு முதல்ல பதில்.

நாலு பர்சென்ட் எப்படி வந்துச்சுன்னா, 22,000 பெருக்கல் 12, வருஷத்துக்கு 2,64,000. அதை 70 லட்சத்தால வகுத்தா 3.77%. அதைத்தான் "நாலு"ன்னு உருட்டிட்டார். இதுக்குப் பேரு மொத்த வாடகை ஈல்டு. எந்தச் செலவும் கழிக்காத நம்பர். கூடவே கீழே இருக்கிற 70 லட்சமும் உங்க பாக்கெட்ல இருந்து நிஜமா போகப்போற பணம் கிடையாது.

நிஜமா போறது இது:

விலை 70 லட்சம்.
முத்திரைத்தாள் 7%, பதிவுக் கட்டணம் 2%, சேர்த்து 6.30 லட்சம்.
புரோக்கர் கமிஷன் 1%னா 70,000.
வக்கீல் ஒப்பீனியன், பாங்க் பிராசஸிங், நகல், அலைச்சல்: 50,000 வெச்சுக்கோங்க.
பெயின்ட், கிரில், பாத்ரூம் வேலை, அடுப்படி மேடை: குறைஞ்சது 2 லட்சம்.

ஆக 79.5 லட்சம். இந்த நம்பரை எழுதி பீரோ கதவுல ஒட்டிக்கோங்க, இனி எல்லாத்தையும் இதாலதான் வகுக்கணும்.

இப்ப மேல இருக்கிற நம்பர். ஆள் மாறும்போது வீடு காலியா கிடக்கும், வருஷத்துக்கு சராசரி அரை மாசம்னு 11,000. அசோசியேஷன் மெயின்டனன்ஸ் மாசம் 3,000ன்னா 36,000 (அடக்கம்னு சொன்னீங்களே, அப்ப நீங்கதான் கட்டணும்). சொத்து வரி, குடிநீர் வரி சேர்த்து 8,000. மோட்டார், பிளம்பர், ரெண்டு மூணு வருஷத்துக்கு ஒரு தடவை பெயின்ட், இதுக்கெல்லாம் ஒதுக்க 15,000. மொத்தச் செலவு 70,000. மீதி 1,94,000.

இந்த 1.94 லட்சம்தான் நிகர இயக்க வருமானம், என்ஓஐ. இஎம்ஐயும் வருமான வரியும் இதுல சேராது. அது வீட்டோட வருமானம், உங்க கடனோட கதை வேற. என்ஓஐயை விலையால வகுத்தா கேப் ரேட்: 1.94 / 70 = 2.77%. நீங்க போட்ட மொத்தக் காசால வகுத்தா நிகர ஈல்டு: 1.94 / 79.5 = 2.44%.

நாலு எங்க, ரெண்டே முக்கால் கூட இல்லாதது எங்க.

#4 ஓஎம்ஆர்_நைட்ஷிப்ட்

ஐயோ. கேப் ரேட்டுக்கும் நிகர ஈல்டுக்கும் வித்தியாசம் என்ன? ரெண்டும் ஒண்ணு மாதிரியே இருக்கே.

#5 கூட்டிக்கழி

கேப் ரேட், ரெண்டு சொத்தை ஒப்பிட. யார் வாங்கினாலும் மாறாது. நிகர ஈல்டு, உங்க காசுக்கு என்ன கிடைக்குதுன்னு பார்க்க.

கேப் ரேட்டைத் திருப்பிப் போட்டா விலை பேசவும் உதவும். "எனக்கு 4% வேணும்"னு நீங்க முடிவு பண்ணா 1.94 / 0.04 = 48.5 லட்சம். அந்த விலைக்கு மேல குடுத்தா நீங்க வாடகைக்காக வாங்கல, விலை ஏறும்ங்கிற நம்பிக்கைக்காக வாங்குறீங்க. அதுல தப்பில்ல. ஆனா அது தெரிஞ்சு வாங்கணும்.

#6 மாம்பலத்துக்காரர்

48 லட்சத்துக்கு சோழிங்கநல்லூர்ல யார் சார் குடுப்பா? இந்தக் கணக்கைப் பார்த்தா மெட்ராஸ்ல ஒருத்தரும் வீடே வாங்கியிருக்க முடியாது. 1990களில் நான் வாங்கினப்பவும் இப்படித்தான் பயமுறுத்தினா. வீடுன்னா ஈல்டு மட்டுமா?

#7 கூட்டிக்கழி

குடியிருக்க வாங்குறவங்களுக்கு இந்தக் கணக்கு வேண்டாம் சார். அவங்களுக்கு ஸ்கூல் பக்கமா, தண்ணி வருமா, மழைக்கு மாடிக்குப் படகு வருமான்னுதான் கவலை. இவர் முதலீட்டுக்குன்னு கேக்குறார், அதான்.

#8 ரிட்டயர்ட்_மேனேஜர்

பொதுத்துறை வங்கியில் வீட்டுக் கடன் பிரிவில் இருந்தவன். கடன் பக்கத்தைச் சொல்கிறேன்.

தம்பி, "லோன் பாங்க் குடுக்கும்" என்பது பாதி உண்மை. ரிசர்வ் வங்கி விதிப்படி கடன் 30 லட்சம் வரை என்றால் சொத்து மதிப்பில் 90% வரை தரலாம், 30க்கு மேல் 75 லட்சம் வரை 80%, அதற்கு மேல் 75%. இதைத்தான் எல்டிவி என்பார்கள். உங்களுக்கு 80%, அதாவது 56 லட்சம். இந்த விலை உள்ள வீட்டுக்கு முத்திரைத்தாள், பதிவுச் செலவை அந்த மதிப்பில் சேர்க்க மாட்டார்கள். பாங்க் அனுப்பும் மதிப்பீட்டாளர் 66 லட்சம்தான் போடுகிறார் என்றால் அந்த 66க்குத்தான் 80%. எது குறைவோ அது.

ஆக உங்கள் கைக்காசு 79.5 கழித்தல் 56, 23.5 லட்சம்.

8% வட்டி, 20 வருடம் என்று வைத்தால் லட்சத்துக்கு இஎம்ஐ 836 ரூபாய் சொச்சம். 56 லட்சத்துக்கு மாதம் 46,841. வருடம் 5.62 லட்சம். முதல் வருடம் அதில் சுமார் 4.44 லட்சம் வட்டி, அசலில் கழிவது 1.18 லட்சம் மட்டுமே.

வீடு தருவது 1.94, கடன் கேட்பது 5.62. வகுத்தால் 0.35. இதன் பெயர் டிஎஸ்சிஆர். கடை, கோடவுன் மீது கடன் கேட்டு வருபவர்களிடம் இது 1.25க்கு மேல் இருக்கிறதா என்று பார்ப்போம். தனிநபர் வீட்டுக் கடனில் இதைப் பார்ப்பதில்லை, ஏனென்றால் வாடகையை நம்பிக் கடன் தருவதில்லை, உங்கள் சம்பளத்தை நம்பித் தருகிறோம். வாடகையே இஎம்ஐ கட்டிவிடும் என்று சொன்னவர் உங்கள் சம்பளச் சீட்டை மறந்துவிட்டார்.

#9 ஓஎம்ஆர்_நைட்ஷிப்ட்

அப்ப மாசம் மாசம் கையில இருந்து எவ்வளவு போகும்?

#10 கூட்டிக்கழி

5.62 கழித்தல் 1.94 = 3.68 லட்சம் வருஷத்துக்கு. மாசம் 30,700 சுமாரா. நீங்க போட்ட 23.5 லட்சத்தோட ஒப்பிட்டா மைனஸ் 15.7%. இதுதான் கேஷ் ஆன் கேஷ் ரிட்டர்ன். சென்னையில கடன்ல வாங்கற பிளாட் பெரும்பாலும் இப்படி மைனஸ்லதான் ஆரம்பிக்கும், அதுக்காக அதிர்ச்சி வேண்டாம். ஆனா 30,700 தாங்குமா, வேலை போனா ஆறு மாசம் தாங்குமாங்கிறது உங்களுக்குத்தான் தெரியும்.

#11 அம்பத்தூர்_அக்கா

இஎம்ஐ அப்படியே நிக்கும், வாடகை ஏறிக்கிட்டே போகும், அதை ஏன் யாரும் சொல்லல? எங்க வீட்டுக்காரர் கட்டாய சேமிப்புன்னு இதைத்தான் சொல்லுவார். மியூச்சுவல் ஃபண்டை நடுவுல எடுத்துச் செலவு பண்ணிடுவோம், வீட்டை எடுத்துச் செலவு பண்ண முடியாது.

#12 கூட்டிக்கழி

அக்கா, நல்ல கேள்வி. வாடகை வருஷம் 5% ஏறுதுன்னு வெச்சா 22,000, பதினஞ்சு வருஷம் கழிச்சு 45,700 ஆகும். பதினாறு வருஷம் கழிச்சு 48,000. அதாவது செலவே கழிக்காம வாடகை இஎம்ஐயைத் தொட பதினஞ்சு வருஷம் தாண்டணும். கடனே 20 வருஷம்தான்.

இன்னொண்ணு. ஃப்ளோட்டிங் வட்டியில (ஏறி இறங்குற வட்டி) இஎம்ஐ "அப்படியே நிக்கும்"ங்கிறதும் நிச்சயம் இல்ல. 2019 அக்டோபர்ல இருந்து பாங்க் வீட்டுக் கடன் ரெப்போ (பாங்குகளுக்கு ரிசர்வ் வங்கி குடுக்கற கடனோட வட்டி) மாதிரி வெளி அளவுகோலோட கட்டியிருக்கு. 2025ல ரெப்போ 6.50ல இருந்து 5.25க்கு இறங்குச்சு, கடன் வாங்கினவங்க சந்தோஷப்பட்டாங்க. 2022 மே மாசம் 4%ல இருந்து ஏற ஆரம்பிச்சு 2023 பிப்ரவரிக்குள்ள 6.50ஐத் தொட்டப்ப எத்தனை பேருக்கு கடன் காலம் ரிட்டயர்மென்ட் தாண்டிப் போச்சுன்னு ரிட்டயர்ட் மேனேஜர் சாரைக் கேளுங்க.

கட்டாய சேமிப்பு வாதத்தை ஏத்துக்கறேன். பழக்கத்தைப் பத்தினது அது, எக்செல்ல வராது.

#13 ரிட்டயர்ட்_மேனேஜர்

ஆமாம். இஎம்ஐயை மாற்றாமல் காலத்தை நீட்டிவிடுவோம், வாடிக்கையாளர் கவனிக்கவே மாட்டார். வட்டி ஏறியதும் கிளைக்குப் போய் இஎம்ஐயைக் கூட்டச் சொல்லுங்கள். தனிநபர் ஃப்ளோட்டிங் வீட்டுக் கடனில் முன்கூட்டி அடைக்க அபராதம் கிடையாது, போனஸ் வந்தால் முதல் ஐந்தாறு வருடங்களில் அசலில் போடுங்கள். பின்னால் போட்டால் பலன் குறைவு.

#14 மனை_மன்னன்

இவ்வளவு கணக்கு எதுக்கு? பத்து வருஷத்துல டபுள் ஆகும்னு புரோக்கர் சொல்றாரே, அது போதாதா?

#15 கூட்டிக்கழி

டபுளே ஆகட்டும். 72ஐ வருஷத்தால வகுங்க, பத்து வருஷம்னா வருஷத்துக்கு 7.2%. இவ்வளவுதான் டபுள். கேட்டா பிரமாண்டமா இருக்கும்.

இப்ப ஐஆர்ஆர். காசு எப்ப எப்ப வெளிய போச்சு, எப்ப எவ்வளவு உள்ள வந்துச்சு, எல்லாத்தையும் தேதியோட சேர்த்துப் பார்த்தா வருஷத்துக்கு எத்தனை பர்சென்ட் வட்டி கிடைச்ச மாதிரி இருக்குங்கிற ஒரே நம்பர். எக்செல்ல ஒரு பத்தியில தேதி, இன்னொரு பத்தியில பணம் (போனது மைனஸ்), எக்ஸ்ஐஆர்ஆர்னு ஒரு ஃபார்முலா, முடிஞ்சது.

இந்த பிளாட்டுக்குப் போட்டுப் பார்த்தேன். வாடகையும் செலவும் வருஷம் 5% ஏறுது, பத்தாவது வருஷக் கடைசியில விக்கறோம், கமிஷன் 1%, மூலதன ஆதாய வரி கட்டறோம், மீதிக் கடன் 38.6 லட்சத்தை அடைக்கறோம்.

விலை வருஷம் 6% ஏறினா 125 லட்சத்துக்கு விக்கலாம். எல்லாம் போக கையில 79 லட்சம் சொச்சம். கேக்க நல்லா இருக்கு. ஆனா ஆரம்பத்துல 23.5, அப்புறம் வருஷா வருஷம் போட்டது கிட்டத்தட்ட 32, மொத்தம் 55 லட்சம் உள்ள போயிருக்கு. ஐஆர்ஆர் 5% பக்கம்.

புரோக்கர் வாக்குப்படி டபுள் ஆகி 140 லட்சம்னா, ஐஆர்ஆர் 7% சொச்சம். டபுள் ஆகியும்!

இப்ப கவனிங்க. அதே 6% ஏற்றத்துல கடனே வாங்காம முழுக் காசும் போட்டு வாங்கினா ஐஆர்ஆர் சுமார் 6.5%. கடன் வாங்கினதும் 5%க்கு இறங்கிடுச்சு. சொத்து 6.5% சம்பாதிக்குது, கடனுக்கு 8% போகுது. உங்க ஆபீஸ் நண்பர் சொன்ன நெகட்டிவ் லெவரேஜ் இதுதான். கடன் எப்பவும் லாபத்தைப் பெருக்கும்னு யாராவது சொன்னா, சொத்து கடன் வட்டியை விட அதிகமா சம்பாதிக்குதான்னு ஒரே ஒரு கேள்வி கேளுங்க. விலை வருஷம் 9, 10% ஏறினா இதே கடன் உங்களைத் தூக்கி விடும், அதையும் சொல்லணும்.

#16 ஓஎம்ஆர்_நைட்ஷிப்ட்

இதை மூணு தடவை படிச்சேன். இப்பதான் அவர் சொன்னது மண்டையில ஏறுது. வரி விலக்கு வருமே, அதைச் சேர்த்தா நிலைமை மாறுமா?

#17 வரிவரியாய்

ஆடிட்டர் வேலை, அதனால் இந்தப் பகுதி மட்டும்.

வாடகைக்கு விட்ட வீட்டில், கட்டிய சொத்து வரியைக் கழித்து வரும் தொகையில் 30% பராமரிப்புக்கென்று கழித்துக்கொள்ளலாம். நிஜச் செலவு எவ்வளவு ஆனாலும் அதே 30% தான், ரசீது தேவையில்லை. அதற்கு மேல் கடன் வட்டியையும் கழிக்கலாம். உங்களுக்கு வட்டி 4.44 லட்சம், வாடகையில் 30% போக மீதி 1.8 லட்சம் அளவு. எனவே வாடகைக்கு வரி இல்லை, 2.6 லட்சம் நஷ்டம் நிற்கும்.

அந்த நஷ்டத்தைப் பழைய வரி முறையில் சம்பளத்தில் 2 லட்சம் வரை கழிக்கலாம். புதிய முறையில் சம்பளத்தோடு கழிக்க முடியாது. இப்போது பெரும்பாலான சம்பளக்காரர்கள் புதிய முறைக்கு வந்துவிட்டார்கள், ஆகவே "வரி மிச்சமாகும், வீடு வாங்கு" என்ற பழைய பல்லவியை யார் பாடினாலும் எந்த முறையில் என்று கேளுங்கள்.

விற்கும்போது: 24 மாதத்துக்கு மேல் வைத்திருந்தால் நீண்டகால ஆதாயம், 12.5%, மேலே செஸ். பணவீக்கச் சரிக்கட்டு (வாங்கிய விலையைப் பணவீக்கத்துக்கு ஏற்ப உயர்த்திக் கணக்கிடுவது) கிடையாது. 2024 ஜூலை 23க்கு முன் வாங்கியவர்களுக்கு மட்டும் சரிக்கட்டோடு 20% அல்லது அது இல்லாமல் 12.5%, எது குறைவோ அது என்ற சலுகை உண்டு (இங்கேயே வசிக்கும் தனிநபருக்கும் இந்துக் கூட்டுக் குடும்பத்துக்கும்). நீங்கள் இனிமேல் வாங்குவதால் அது உங்களுக்கு இல்லை. ஆதாயத்தை இன்னொரு வீட்டில் போட்டாலோ, ஆறு மாதத்துக்குள் குறிப்பிட்ட அரசு சார் பத்திரங்களில் 50 லட்சம் வரை போட்டாலோ விலக்கு உண்டு.

வாங்கும்போது: 50 லட்சமும் அதற்கு மேலும் என்றால் விற்பவருக்குத் தரும் தொகையில் 1% பிடித்து நீங்கள் அரசுக்குக் கட்ட வேண்டும். டான் எண் (வரி பிடிப்பவர்களுக்கான தனி எண்) தேவையில்லை, பான் போதும். விற்பவர் வெளிநாட்டில் வசிப்பவர் என்றால் இந்த 1% பொருந்தாது, பிடித்தம் பல மடங்கு. ஓஎம்ஆர் பிளாட்டுகளில் அமெரிக்காவிலிருந்து பவர் கொடுத்து விற்பவர்கள் நிறைய. முதல் சந்திப்பிலேயே கேட்டுவிடுங்கள்.

#18 ஓஎம்ஆர்_நைட்ஷிப்ட்

சார், இன்னொரு விஷயம். வழிகாட்டி மதிப்புப்படி (பதிவுக்கு அரசு வெச்சிருக்கிற குறைஞ்சபட்ச மதிப்பு) 52 லட்சம்தான் வருதாம். பத்திரத்துல 52 போட்டுட்டு மீதி 18ஐ ரொக்கமா குடுத்தா பதிவுச் செலவு மிச்சம்னு புரோக்கர் சொல்றார். எல்லாரும் அப்படித்தான் பண்றாங்களாம்.

#19 வரிவரியாய்

சட்டத்தை ஒரு நிமிடம் ஒதுக்கி வைத்து, காசுக் கணக்கு மட்டும் பார்ப்போம்.

மிச்சம்: 18 லட்சத்துக்கு 9%, 1.62 லட்சம்.

நஷ்டம் ஒன்று: உங்கள் வாங்கிய விலை ஏட்டில் 52 ஆகிவிடும். விற்கும்போது ஆதாயம் 18 லட்சம் கூடும். அதற்கு 12.5%, 2.25 லட்சம், செஸ் வேறு. அடுத்து வாங்குபவர் முழு வெள்ளையில் தருகிறேன் என்றால் தப்பிக்க வழியில்லை.

நஷ்டம் இரண்டு: பாங்க் 52க்குத்தான் 80% தரும், 41.6 லட்சம். 56 எதிர்பார்த்த இடத்தில் 14.4 லட்சம் கூடுதலாக நீங்களே புரட்ட வேண்டும்.

இப்போது சட்டம். சொத்துப் பரிமாற்றத்தில் 20,000 ரூபாயோ அதற்கு மேலோ ரொக்கமாக வாங்கக் கூடாது. மீறினால் ரொக்கத்தைப் பெற்றவருக்கு, அதாவது விற்பவருக்கு, அதே தொகை அபராதம். உங்கள் 18 லட்சம் எங்கிருந்து வந்தது என்ற கேள்வி உங்களுக்கும் வரும். மறுவிற்பனையில் விற்பவர் இதை வற்புறுத்தினால் வேறு வீடு பாருங்கள்.

#20 மாம்பலத்துக்காரர்

எல்லாரும் ஈல்டையே கட்டிண்டு அழறேள். மெட்ராஸ்ல பிளாட்டுக்கு விலை ஏறறதே யூடிஎஸ்ஸாலதான், அதை யாருமே கேக்கலையே. தம்பி, உங்க பிளாட்டுக்கு யூடிஎஸ், அதாவது மொத்த நிலத்துல பிரிக்கப்படாத பாகம், எத்தனை சதுர அடி? பத்திரத்துல இருக்கும் பாருங்கோ.

#21 ஓஎம்ஆர்_நைட்ஷிப்ட்

பார்த்தேன் சார். 380 சதுர அடி.

#22 மாம்பலத்துக்காரர்

1,050க்கு 380. உயரமான கட்டடம்னா அப்படித்தான் வரும். எங்க தெருவுல மூணு மாடிப் பழைய பிளாட், 900 சதுர அடிக்கு 600 யூடிஎஸ். சுவர்ல விரிசல், லிஃப்ட் கிடையாது, வாடகையும் சுமார்தான். ஆனா பில்டர்கள் வாசல்ல வந்து நிக்கறா. பழசை இடிச்சுப் புதுசு கட்டிக் குடுக்கறேன், உங்களுக்குப் பழைய அளவை விடப் பெருசா ஒரு பிளாட், கட்டி முடிக்கிற வரைக்கும் வாடகைப் பணம்ங்கறா.

ஏன்னா நிலம் அவாளுக்கு வேணும். தமிழ்நாட்டு 2019 கட்டட விதிகள்ல சாதாரணக் கட்டடத்துக்கு எஃப்எஸ்ஐ, அதாவது நிலத்தைப் போல எத்தனை மடங்கு கட்டலாம்ங்கறது, 2. ஒரு கிரவுண்டுக்கு, அதாவது 2,400 சதுர அடிக்கு, 4,800 கட்டலாம். பழைய கட்டடங்கள்ல அதைவிடக் கம்மியாத்தான் கட்டியிருப்பா, மீதிதான் பில்டருக்கு லாபம். முன்னெல்லாம் ஒருத்தர் முரண்டு பிடிச்சா மொத்தமும் நின்னுடும். 2022ல போட்ட அடுக்குமாடிச் சட்டம் 2024 மார்ச்ல அமலுக்கு வந்தப்புறம் மூணுல ரெண்டு பங்கு பேர் சம்மதிச்சா போதும்னு ஆகியிருக்கு.

நீங்க சொல்ற கேப் ரேட்ல எங்க பிளாட் ஃபெயில். ஆனா நான் விக்க மாட்டேன்.

#23 கூட்டிக்கழி

சார் சொன்னது என் கணக்குல இருந்த ஓட்டை. விலை ஏற்றம் 6%னு நான் எல்லாத்துக்கும் ஒரே நம்பர் போட்டேன். நிலம் ஏறும், கட்டடம் தேயும், ரெண்டையும் பிரிக்கணும்.

சும்மா உதாரணத்துக்கு, அந்தத் தெருவுல நிலம் சதுர அடி 8,000ன்னா 380 யூடிஎஸ்ஸுக்கு 30.4 லட்சம். மீதி 39.6 லட்சம் நீங்க கட்டடத்துக்கும் நீச்சல் குளத்துக்கும் கிளப் ஹவுஸுக்கும் குடுக்கறீங்க, அது வருஷா வருஷம் இறங்குற பகுதி. நிஜமான நில விலை என்னன்னு ரெண்டு மூணு பத்திரம் பார்த்து நீங்களே போட்டுக்கோங்க.

அப்படியே அந்த 1,050 விற்பனை அளவா, கார்ப்பெட்டான்னும் பாருங்க. படிக்கட்டு, லிஃப்ட், வராண்டால உங்க பங்கு எல்லாம் சேர்த்த அளவுதான் 1,050ன்னா, உள்ள காலடி படற இடம் 735 பக்கம் இருக்கலாம். அப்ப சதுர அடி 6,667 இல்ல, 9,500. ரெரா (ரியல் எஸ்டேட் ஒழுங்குமுறைச் சட்டம்) வந்தப்புறம் புது வீட்டை கார்ப்பெட் அளவுலதான் விக்கணும், மறுவிற்பனையில இன்னும் எல்லாரும் பழைய அளவைத்தான் பேசறாங்க. ரெண்டு பிளாட்டை ஒப்பிடறப்ப ஒண்ணுல கார்ப்பெட், ஒண்ணுல விற்பனை அளவுன்னு போட்டுட்டா எல்லாமே தப்பாயிடும்.

#24 மனை_மன்னன்

இதைத்தானே ரெண்டாவது பதிவுலயே சொன்னேன்! நூறு பர்சென்ட் யூடிஎஸ்ஸே மனைதான்.

#25 ரிட்டயர்ட்_மேனேஜர்

மன்னன் சார், மனையில் வருமானம் பூஜ்யம், வேலி போட்டுக் காவல் காக்க வேண்டும், மனைக் கடனுக்கு எல்டிவி குறைவு, கட்டாதவரை வட்டிக்கு வரிச் சலுகை இல்லை. யானையைக் கட்டித் தீனி போடுகிற சமாசாரம். நல்ல இடமாக அமைந்தால் பிளாட்டை விட நன்றாக ஏறும் என்பதை மறுக்கவில்லை. ஆனால் "ஏர்போர்ட் வருது, மெட்ரோ வருது" என்று விலையில் ஏற்கனவே ஏற்றிவிட்ட மனையை வாங்கினால் ஏற்றத்தை விற்றவர் அனுபவித்துவிட்டார்.

2016 அக்டோபர் 20க்குப் பிறகு பிரித்த அங்கீகாரமில்லாத மனை என்றால் விலை எவ்வளவு மலிவானாலும் தொடாதீர்கள். அங்கீகாரமில்லாத மனைகளை முறைப்படுத்தும் வரன்முறைத் திட்டத்திலும் அதற்கு இடமில்லை.

#26 அம்பத்தூர்_அக்கா

எங்களுக்கு எஸ்டேட் பக்கம் ஒரு கடை இருக்கு. வீட்டை விட வாடகை விகிதம் நல்லாவே அதிகம், ஒப்பந்தத்துல லாக்-இன் (குறிப்பிட்ட காலத்துக்குக் காலி பண்ண முடியாது) போட்டிருக்கோம். ஆனா கொரோனாவுக்கு அப்புறம் காலியான கடைக்கு ஆள் கிடைக்க ஒன்றரை வருஷம் ஆச்சு. அந்த ஒன்றரை வருஷம் கரண்ட் மினிமம், வரி எல்லாம் நாங்கதான். காலியா கிடக்கிற காலத்தைக் கணக்குல போடாம கடை ஈல்டு 7, 8னு யார் சொன்னாலும் நம்பாதீங்க.

#27 கூட்டிக்கழி

அக்கா, அரை மாசம் இல்ல, கடைக்கு ரெண்டு மாசமாவது வருஷா வருஷம் போடணும் அப்ப.

வாடகை வருமானம்தான் குறி, வீட்டுச் சாவி கையில இருக்கணும்னு அவசியம் இல்லன்னா ரீட் (பல பேர் காசைச் சேர்த்து வாடகைக் கட்டடங்கள் வெச்சிருக்கிற, பங்கு மாதிரி யூனிட்டா வாங்கி விக்கிற டிரஸ்ட்) பாருங்க. பங்குச் சந்தையைக் கண்காணிக்கிற செபியோட விதிப்படி 80% சொத்து கட்டி முடிச்சு வாடகை வர்றதா இருக்கணும், வர்ற பணத்துல குறைஞ்சது 90%ஐப் பங்கிட்டே ஆகணும். 2019ல முதல் ரீட் பட்டியலாச்சு, அந்த எம்பசி ரீட்ல பல்லாவரம் துரைப்பாக்கம் ரோட்டு டெக் பார்க்கும் 2024ல சேர்ந்திருக்கு. பதிவுச் செலவு 9% கிடையாது, ஒரு யூனிட்டா விக்கலாம், வாங்கின அன்னிக்கே விக்கலாம். பதிலுக்கு விலை தினமும் ஆடும், யூடிஎஸ்னு ஒண்ணு உங்க பேர்ல இருக்காது, பாங்க் 80% கடனும் குடுக்காது. மாம்பலம் சாருக்குப் பிடிக்காது.

#28 மாம்பலத்துக்காரர்

பிடிக்காது.

#29 நெறியாளர்

குறிப்பிட்ட புரோக்கர் பெயர், திட்டப் பெயர், தொலைபேசி எண் போட்ட இரண்டு பதிவுகள் நீக்கப்பட்டன. விளம்பரம் வேண்டாம்.

#30 ஓஎம்ஆர்_நைட்ஷிப்ட்

எல்லாருக்கும் நன்றி. விஷயம் இதுதான். ஓனர்கிட்ட நேரா பேசினேன், உள்ளூர்லதான் இருக்கார். முழு வெள்ளைன்னா 68க்கு இறங்கறேன்னார். நான் 62 சொன்னேன். "தம்பி விளையாடறீங்களா"ன்னு போனை வெச்சுட்டார். நாலு நாள் கழிச்சு அவரே கூப்பிட்டு 66னார். 62ல கேப் ரேட் 3.13 வருது, 66ல 2.94. 62க்கு மேல ஏற்றதா இல்ல. அப்பா, நங்கநல்லூர்ல பழைய பிளாட் ஒண்ணு, யூடிஎஸ் அதிகமா, பார்க்கலாம்ங்கறார். ரெண்டுக்கும் எக்செல் போட்டுக்கிட்டிருக்கேன்.

ஒரே ஒரு சந்தேகம். பழைய பிளாட்டுக்கு வில்லங்கம் எத்தனை வருஷத்துக்கு எடுக்கணும்?

#31 ரிட்டயர்ட்_மேனேஜர்

பாங்க் வக்கீல் 30 வருடம் கேட்பார். பதிவுத்துறை இணையதளத்தில் இலவசமாகப் பார்க்கலாம், இணையத்தில் ஏறாத பழைய வருடங்களுக்கு சார்பதிவாளர் அலுவலகத்தில் மனு போட வேண்டும். வில்லங்கத்தில் பழைய பாங்க் அடமானம் தெரிந்தால், கடன் முடிந்ததற்கான ரசீது ஆவணமும் பதிவாகியிருக்கிறதா என்று பாருங்கள். மூலப்பத்திரம் அசல் யாரிடம் இருக்கிறது என்று அட்வான்ஸ் கொடுக்கும் முன்பே கேளுங்கள். பழைய பிளாட்டுகளில் அது பில்டரிடமோ நிலத்தைக் கொடுத்தவரிடமோ இருக்கும், அவர்களைத் தேடிப் பிடிப்பதே தனி வேலை.

#32 மாம்பலத்துக்காரர்

அந்த பிளாட்ல மொத்தம் எத்தனை பேர், எல்லாரோட யூடிஎஸ்ஸையும் கூட்டினா நிலத்தோட அளவு வரதான்னும் ஒரு தடவை கூட்டிப் பாருங்கோ. சில இடத்துல நூத்துக்கு மேல வரும்.